அம்புக்குறியை நகர்த்துறது யாரு? லினக்ஸ்ல டச்பேடும் மவுசும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

நான் தூத்துக்குடி முத்தையாபுரத்துல இருந்து பேசுறேன். தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் போற ரோட்டுல, துறைமுகத்துக்கும் ஸ்பிக் நகருக்கும் பக்கத்துல இருக்கு எங்க ஊர். சுத்தி உப்பளம். சீசன்ல பார்த்தா வெள்ளை வெளேர்னு உப்பு அம்பாரம் வரிசையா நிக்கும். நான் பகல்ல ஒரு கடையில வேலை பார்க்கிறேன். சாயங்காலம் தெரிஞ்சவங்களுக்கு லேப்டாப் சரி பண்ணிக் கொடுக்கிறது, லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறது, இதுதான் என் பொழுதுபோக்கு.

இன்னைக்கு நான் பேசப்போறது டச்பேடும் வெளியில இருந்து செருகுற மவுசும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிறதப் பத்தி. கேட்டதும் "இதுக்கெல்லாமா ஒரு எபிசோட்"னு தோணும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா இந்தச் சின்ன விஷயத்தால எங்க தெருவுல ஒரு அம்மா, வாங்காத முன்பணத்தை வாங்கினதா பேரு கேட்டாங்க. அதனாலதான் பேசணும்னு தோணிச்சு. இதுல என் தப்பும் இருக்கு, அதையும் சொல்றேன்.

எங்க ஊர்ல டச்பேட்

முதல்ல ஒரு பின்னணி. 2011 செப்டம்பர் 15 அன்னைக்குத் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கிற திட்டத்தை ஆரம்பிச்சது. எல்காட் நிறுவனம் மூலமா வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்கள்ல விண்டோஸும் இருந்துச்சு, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எங்க பக்கம் நிறைய பேர் டச்பேடை முதன்முதலா தொட்டது அந்த லேப்டாப்லதான். லினக்ஸைப் பார்த்ததும் அதுலதான்.

அதுக்கு முன்னாடி ஸ்கூல் லேப்லயோ பிரவுசிங் சென்டர்லயோ மவுஸ் பிடிச்சுப் பழகின கை. அதனால லேப்டாப் வந்ததும் பலர் செஞ்ச முதல் வேலை, ஒரு மவுஸ் வாங்கிச் செருகினதுதான். ஆக, எங்க ஊர்ல டச்பேடும் மவுசும் ஒரே நேரத்துல இருக்கிறது சாதாரணம். இந்த ரெண்டும் சேர்ந்து இருக்கும்போது உள்ளே என்ன நடக்குதுன்னு மட்டும் யாரும் கேட்கிறதில்ல. நானும் கேட்டதில்ல.

ஐந்நூறு ரூபாய் இடம் மாறின கதை

எங்க தெருவுல ஒரு அக்கா. ஒரு உப்பளத்துல கணக்கு எழுதுறாங்க. வாரம் பூரா யார் யார் வந்தாங்க, எத்தனை நாள், யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்காங்கன்னு குறிச்சு, சனிக்கிழமை சாயங்காலம் கூலி போடணும். முன்னாடி எல்லாம் நோட்டுல எழுதினாங்க. அப்புறம் யாரோ ஒரு பழைய லேப்டாப் கொடுத்தாங்க. அது ரொம்ப மெதுவா இருக்குன்னு என்கிட்ட வந்துச்சு. நான் லினக்ஸ் போட்டு, லிப்ரே ஆபீஸ் கால்க்ல ஒரு கூலிப் பட்டியல் தயார் பண்ணிக் கொடுத்தேன். அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம்.

ஒரு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்கு வந்து நின்னாங்க. முகமே சரியில்ல.

"தம்பி, நேத்து ஒரு பொம்பளைக்கு ஐந்நூறு ரூவா கம்மியா போட்டுட்டேன். பட்டியல்ல முன்பணம் ஐந்நூறுன்னு இருக்கு. அவ 'நான் முன்பணமே வாங்கலையேக்கா'ன்னு அழுதா. முதலாளி என்னடான்னா கம்ப்யூட்டர்ல இருக்கிறது பொய்யாங்காவ. நான் சரியாத்தான் அடிச்சேன் தம்பி. எனக்குத்தான் கண்ணு தெரியாமப் போச்சான்னு தெரியல."

நோட்டை எடுத்து ஒத்துப் பார்த்தோம். முன்பணம் வாங்கினது வேற ஒருத்தர். அவர் பேர் பட்டியல்ல ரெண்டு வரிசைக்கு மேல இருந்துச்சு. 500ங்கிற எண் ரெண்டு கட்டம் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கு. ஒரு வரிசையில முன்பணம் கழியல, இன்னொரு வரிசையில அநியாயமா கழிஞ்சிருக்கு. மொத்தக் கூட்டல் சரியா வந்ததால யாருக்கும் சந்தேகமும் வரல.

அக்காவை உட்கார வச்சு, "எக்கா, நீங்க எப்படி அடிப்பீங்களோ அப்படியே அடிங்க"ன்னு சொல்லிப் பக்கத்துல இருந்து பார்த்தேன். பத்து நிமிஷத்துல பிடிபட்டுச்சு. இடது கையை லேப்டாப் மேல ஊனி வச்சிருக்காங்க. உள்ளங்கையோட ஓரம் டச்பேடுல லேசா படுது. அது பட்டதும் 'டப்'னு ஒரு கிளிக். அம்புக்குறி எந்தக் கட்டத்து மேல நிக்குதோ அந்தக் கட்டம் தேர்வாயிடுது. அடுத்து அடிக்கிற எண் அங்கதான் விழும். அக்காவோட பார்வை நோட்டுல இருக்கு, திரையில இல்ல.

அவங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. இதை முதல்ல அவங்ககிட்ட சொன்னேன். அன்னைக்கு அதுதான் அவங்களுக்கு முக்கியம்.

டச்பேட் தன்னை மவுஸ்னு சொல்லிக்கிட்டா

"இது சுலபம், டைப் பண்ணும்போது டச்பேடை நிறுத்துற வசதி இருக்கே, அதைப் போட்டுவிடலாம்"னு செட்டிங்ஸைத் திறந்தேன். அங்க டச்பேட்னு ஒரு பகுதியே இல்ல. மவுஸ் மட்டும்தான் இருக்கு. இங்கதான் முதல் பாடம்.

லினக்ஸ்ல புராக் கோப்பகத்துக்குள்ள பஸ், அதுக்குள்ள இன்புட், அதுக்குள்ள டிவைசஸ்னு ஒரு கோப்பு இருக்கு. கெர்னலுக்குத் தெரிஞ்ச எல்லா உள்ளீட்டுக் கருவிகளோட பேரும் அதுல இருக்கும். அதைத் திறந்து பார்த்தா, டச்பேட் இருக்க வேண்டிய இடத்துல "பிஎஸ்/2 ஜெனரிக் மவுஸ்"னு இருக்கு. அதாவது கெர்னல் அதை ஒரு சாதாரண மவுஸ்னு நினைச்சிருக்கு.

ஏன் அப்படி? பழைய லேப்டாப்கள்ல டச்பேட் உள்ளுக்குள்ள பிஎஸ்/2 வழியா இணைஞ்சிருக்கும். பழைய டெஸ்க்டாப்ல பச்சை நிறத்துல வட்டமா ஒரு மவுஸ் போர்ட் இருக்குமே, அதே வழி. லினக்ஸ்ல அதைக் கவனிக்கிறது 'பிஎஸ்மவுஸ்'ங்கிற டிரைவர். அது டச்பேட்கிட்ட ஒவ்வொரு மொழியா பேசிப் பார்க்கும். சினாப்டிக்ஸா, ஆல்ப்ஸா, எலான்டெக்கான்னு கேட்கும். எதுக்கும் சரியான பதில் வரலன்னா, "சரி, நீ மவுஸாவே இரு"ன்னு விட்டுடும். டச்பேடும் மவுஸ் மாதிரியே நடிக்கும், வேலை செய்யும். அதனால நமக்கு எதுவும் தப்பாத் தெரியாது.

ஆனா அப்படி நடிக்கும்போது விரல் எங்க இருக்கு, எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம்ங்கிற தகவல் எதுவும் கம்ப்யூட்டருக்கு வராது. "இவ்வளவு நகர்ந்தேன், பட்டன் அழுந்திச்சு"ன்னு மட்டும்தான் வரும். தட்டினா கிளிக்ங்கிறதையும் டச்பேட் தனக்குள்ளேயே முடிவு பண்ணி அனுப்பிடும். உள்ளங்கையா விரலான்னு பிரிச்சுப் பார்க்க வழியே இல்ல. டைப் பண்ணும்போது நிறுத்துறதும் நடக்காது, ஏன்னா அது டச்பேடுக்கான வசதி, மவுசுக்கானது இல்ல.

இதுக்குக் காரணம் நான்தான். என்கிட்ட ரொம்ப நாளா கிடந்த ஒரு பழைய பென்டிரைவ்ல இருந்து பழைய பதிப்பை நிறுவியிருந்தேன். அதுல இருந்த கெர்னலுக்கு அந்த டச்பேடோட மொழி தெரியல. புது பதிப்பைப் போட்டதும் அதே கருவி டச்பேட்ங்கிற பேரோட வந்து நின்னுச்சு. செட்டிங்ஸ்லயும் டச்பேட் பகுதி வந்துடுச்சு.

உங்க லேப்டாப்ல டச்பேட் அமைப்பே காணோம்னா, மத்த எதையும் தொடுறதுக்கு முன்னாடி அந்தக் கோப்பைப் பாருங்க. பேர் தப்பா இருந்தா, மேல என்ன அமைப்பு மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல.

ஒரு அம்புக்குறி, பல கருவிகள்

இப்போ ஒரு கேள்வி. மவுஸ் ஒண்ணு, டச்பேட் ஒண்ணு. ரெண்டும் தனித்தனி கருவி. ஆனா திரையில அம்புக்குறி ஒண்ணே ஒண்ணுதான். இது எப்படி?

யுனிக்ஸ் மாதிரி இயங்குதளங்கள்ல இது ரொம்ப நாளா வர்ற வழக்கம். லினக்ஸ்ல டெவ் கோப்பகத்துல இன்புட் உள்ள 'மைஸ்'னு ஒரு கோப்பு உண்டு. செருகியிருக்கிற எல்லா மவுசும் சொல்றதை ஒண்ணாக் கலந்து கொடுக்கிற வாய்க்கால் அது. ஃப்ரீபிஎஸ்டியில 'சிஸ்மவுஸ்'னு ஒரு கருவிக் கோப்பு இதே வேலையைப் பார்க்கும். ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டியில 'டபிள்யூஎஸ்மவுஸ்'. பேர்தான் வேற. யார் நகர்த்தினாலும் ஒரே அம்புக்குறி நகரணும்ங்கிறதுதான் எல்லாத்துலயும் யோசனை.

2000களின் தொடக்கத்துல லேப்டாப்ல லினக்ஸ் போட்டவங்களுக்கு இதுல ஒரு வம்பு இருந்துச்சு. டச்பேடுக்குன்னு தனியா சினாப்டிக்ஸ் டிரைவர் வந்துச்சு. அது டச்பேடை நேரடியாப் படிக்கும். ஆனா அதே டச்பேட் சொல்றது அந்தப் பொது வாய்க்கால் வழியாவும் வரும். ஒரே தட்டு ரெண்டு தட்டா வந்து சேரும். இதுக்குத்தான் அந்த டிரைவர் கருவியைத் தனக்கு மட்டும்னு பிடிச்சு வச்சுக்கிற முறையைப் பயன்படுத்திச்சு. அது பிடிச்சிருக்கிற வரைக்கும் வேற வழியில அதே தகவல் போகாது. டைப் பண்ணும்போது டச்பேடை நிறுத்த 'சின்டீமன்'னு தனியா ஒரு நிரலைப் பின்னணியில ஓட விடணும்.

அப்புறம் 2009ல எக்ஸ் சர்வர் 1.7 வந்தது. பீட்டர் ஹட்டரர்ங்கிறவர் தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துல செஞ்ச ஆராய்ச்சியில இருந்து வந்த ஒரு வசதி அதுல சேர்ந்தது. ஒரே திரையில ரெண்டு அம்புக்குறி வச்சுக்கலாம், மவுசுக்கு ஒண்ணு, டச்பேடுக்கு ஒண்ணு. இன்னைக்கும் எக்ஸ் ஓடுற கணினியில 'எக்ஸ்இன்புட்' கமாண்டால இதைச் செஞ்சு பார்க்கலாம். நாம பொதுவா அதைச் செய்றதில்ல. அதனால எல்லாக் கருவியும் ஒரே அம்புக்குறியிலதான் கட்டியிருக்கு. ஒரு தோணிக்கு ரெண்டு பேர் சுக்கான் பிடிச்ச கதைதான்.

அதே பீட்டர் ஹட்டரர்தான் பின்னாடி 'லிப்இன்புட்'டைப் பராமரிக்கிற முக்கியமான ஆள் ஆனார். வேலண்ட் பக்கம் இருந்த வெஸ்டன்ங்கிற திட்டத்துல இருந்து பிரிஞ்சு வந்தது அது. மவுஸ், டச்பேட், கீபோர்ட், தொடுதிரை எல்லாத்தையும் ஒரே இடத்துல கவனிக்குது. 2015 மே மாசம் வந்த ஃபெடோரா 22 அதை இயல்பான டிரைவரா எடுத்துக்கிச்சு. இன்னைக்கு முக்கால்வாசி லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குக் கீழே இருக்கிறது இதுதான்.

எல்லாம் ஒரே இடத்துல இருக்கிறதால ஒரு நன்மை. கீபோர்டுல கை வேலை செய்யுதுன்னு அதுக்கே தெரியும், டச்பேடைத் தானாகவே கொஞ்ச நேரம் அடக்கி வைக்கும். இந்த வசதி இயல்பாவே இயங்கும், நாம எதுவும் போட வேண்டாம்.

ஆனா அக்காவுக்கு அதுவும் போதல

புது பதிப்பு போட்டாச்சு, டச்பேட் டச்பேடாகவே தெரியுது. பிரச்சினை குறைஞ்சுது, முழுசா போகல. அடுத்த வாரம் மறுபடியும் ஒரு எண் இடம் மாறியிருக்கு. நல்லவேளை, அக்கா நோட்டோட ஒத்துப் பார்த்ததால முன்னாடியே தெரிஞ்சிடுச்சு.

மறுபடியும் பக்கத்துல உட்கார்ந்தேன். இந்தத் தடவை ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு.

ஒண்ணு, அக்கா எண்களை லேப்டாப் கீபோர்டுல அடிக்கிறதே இல்ல. வலது பக்கம் யுஎஸ்பி-யில ஒரு குட்டி நம்பர் பேட் செருகியிருக்காங்க. கணக்கு எழுதுறவங்களுக்கு அதுதான் வேகம். ஆனா லிப்இன்புட் டச்பேடோட ஜோடி சேர்க்கிறது லேப்டாப்போட சொந்தக் கீபோர்டை மட்டும்தான். வெளியில இருந்து செருகுற கீபோர்டுல அடிச்சா டச்பேடை அடக்காது. நியாயமான யோசனைதான். தனிக் கீபோர்ட் வச்சிருக்கிறவங்க கை லேப்டாப் மேல இருக்காதுன்னு எடுத்துக்கிறாங்க. அக்காவோட இடது கை இருந்துச்சே.

ரெண்டாவது, சார்ஜர் போட்டா மட்டும் அம்புக்குறி லேசா நடுங்குது. சார்ஜரைக் கழட்டினா நின்னுடுது. டச்பேட் வேலை செய்றது மின்தேக்கத்தை வச்சு. நம்ம விரல் பக்கத்துல வரும்போது அந்தத் தகட்டுக்குக் கீழே இருக்கிற மின்தேக்க அளவு துளி மாறும். அந்தத் துளி மாற்றத்தை அளந்துதான் விரல் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்குது. சார்ஜருக்கு எர்த் சரியா இல்லன்னா, அதுல இருந்து வர்ற மின் இரைச்சல் அந்த அளவைக் குழப்பும். அக்கா வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்தா, மூணாவது ஓட்டைக்குள்ள கம்பியே இணைக்கல. ஈரக் கையும் இப்படித்தான் குழப்பும். எங்க ஊர்க் காத்துல உப்பும் ஈரமும் எப்பவும் இருக்கு, மே மாசத்துல உள்ளங்கை காயவே காயாது. இதுக்கு எந்த கமாண்டும் கிடையாது. எர்த் இருக்கிற பிளக் பாயின்ட்டுக்கு மாத்தினேன், ஒரு பருத்தித் துணி பக்கத்துல வச்சுக்கச் சொன்னேன்.

நான் செஞ்ச தப்பு

நம்பர் பேட் விஷயத்துக்கு என்ன பண்றது? அக்காகிட்ட ஒரு வயர்லெஸ் மவுஸ் இருந்துச்சு. அவங்க அதைத்தான் எப்பவும் பயன்படுத்துவாங்க. லிப்இன்புட்ல டச்பேடுக்கு மூணு நிலை இருக்கு. எப்பவும் இயங்கு, எப்பவும் இயங்காதே, வெளி மவுஸ் இருந்தா இயங்காதே. மூணாவதுதான் இதுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு. கேடிஇ மாதிரி டெஸ்க்டாப்ல செட்டிங்ஸ்லயே டிக் பண்ணலாம். க்னோம்ல 'ஜிசெட்டிங்ஸ்' கமாண்ட் மூலமா டச்பேடோட 'சென்ட்-ஈவென்ட்ஸ்' மதிப்பை மாத்தலாம். மாத்தினேன். மவுஸ் ரிசீவரைச் செருகினதும் டச்பேட் செத்துச்சு, எடுத்ததும் உயிர் வந்துச்சு. ரெண்டு தடவை செஞ்சு பார்த்துட்டு, "இனி ஒண்ணும் வராதுக்கா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மூணு வாரம் நல்லா போச்சு. நாலாவது சனிக்கிழமை நான் திருநெல்வேலியில ஒரு கல்யாண வீட்டுல இருக்கேன். சாயங்காலம் போன்.

"தம்பி, ஒண்ணுமே அசைய மாட்டேங்கு. மவுசும் ஓடல, கீழ தடவுறதும் ஓடல. இருபது பேர் வெளிய உட்கார்ந்திருக்காவ. நான் என்ன செய்ய?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பவர் பட்டனை அழுத்திப் பிடிங்கக்கா, அணைச்சுட்டு மறுபடியும் போடுங்க." எல்லாரும் சொல்ற வைத்தியம். அணைச்சு மறுபடி போட்டாங்க. பாஸ்வேர்ட் அடிச்சு உள்ள வந்தாச்சு, ஆனா அம்புக்குறி நடுவுல அப்படியே நிக்குது. சேமிக்காம இருந்த அன்னைக்கு வேலையில பாதிதான் திரும்ப வந்துச்சு. அதையும் திறந்து பார்க்க முடியல. கடைசியில அக்கா நோட்டை எடுத்து, டார்ச் வெளிச்சத்துல கையால கூட்டிக் கூலி போட்டாங்க. முடியும்போது இருட்டிடுச்சு. தூரத்துல இருந்து வந்தவங்களுக்குக் கடைசி பஸ் போயிடுச்சு. காலையில நாலு மணிக்கு எழுந்து அளத்துக்கு வர்றவங்க அவங்க.

காரணம் என்னன்னா, மவுஸோட பேட்டரி தீர்ந்துபோச்சு. அவ்வளவுதான்.

மவுஸ் செத்தா டச்பேட் திரும்ப வரணுமேன்னு நீங்க கேட்கலாம். கம்ப்யூட்டருக்கு அந்த மவுஸ் தெரியாது. அதுக்குத் தெரியுறது யுஎஸ்பி-யில செருகியிருக்கிற ரிசீவர் மட்டும். "நான் மவுஸ்"னு தன்னை அறிமுகப்படுத்திக்கிறது அந்த ரிசீவர்தான். ரேடியோ அலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மவுசுல பேட்டரி இருக்கா, மவுஸ் மேஜையில இருக்கா, வீட்டுல மறந்துட்டு வந்தாச்சா, எதுவும் இந்த அமைப்புக்குக் கவலை இல்ல. லிப்இன்புட் கேட்கிற கேள்வி "யுஎஸ்பி வழியாவோ புளூடூத் வழியாவோ ஒரு மவுஸ் இணைஞ்சிருக்கா?" அப்படிங்கிறதுதான். "அந்த மவுஸை யாராவது பயன்படுத்துறாங்களா?"ன்னு அது கேட்கல. ரிசீவர் செருகியிருக்கிற வரை பதில் "ஆமா"தான். எத்தனை தடவை அணைச்சுப் போட்டாலும் அதே பதில்தான்.

அன்னைக்கு நான் போன்ல சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி: "அந்தக் குட்டி ரிசீவரைக் கழட்டுங்கக்கா." கழட்டின அடுத்த நொடி டச்பேட் உயிரோட வந்திருக்கும். நான் ரெண்டு தடவை சோதிச்சப்போ ரிசீவரைக் கழட்டித்தானே சோதிச்சேன்? மவுஸை அணைச்சு வச்சுச் சோதிக்கல. நிஜ வாழ்க்கையில யாரும் ரிசீவரைக் கழட்டுறதில்ல, அது மாசக்கணக்குல அங்கேயே கிடக்கும். பேட்டரிதான் தீரும். புளூடூத் மவுஸா இருந்தா பொதுவா இணைப்பு போனதும் கருவியே பட்டியல்ல இருந்து போயிடும், டச்பேட் வந்துடும். ரிசீவர் மவுசுல அப்படி இல்ல.

இன்னொண்ணும் கவனிங்க. சில கேமிங் கீபோர்ட் மாதிரியான கருவிகளும் தன்னை மவுஸ்னும் சேர்த்து அறிவிச்சுக்கும். மவுஸே செருகல, ஆனா டச்பேட் ஓடலன்னா, யுஎஸ்பி-யில இருக்கிற ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க.

கடைசியா என்ன செஞ்சேன்

திங்கட்கிழமை போய் அந்த மூணாவது நிலையை எடுத்துட்டேன். டச்பேட் எப்பவும் இயங்கும். அதுக்குப் பதிலா தட்டினா கிளிக் ஆகிற வசதியை நிறுத்தினேன்.

யோசிச்சுப் பாருங்க, அக்காவோட கணக்கைக் கெடுத்தது அம்புக்குறி நகர்ந்தது இல்ல. கால்க்ல அம்புக்குறி எங்க நகர்ந்தாலும் எண் தேர்வான கட்டத்துலதான் விழும். கெடுத்தது கிளிக். தட்டுனா கிளிக் இல்லன்னு ஆயிட்டா, உள்ளங்கை பட்டாலும் அம்புக்குறி கொஞ்சம் அலையும், அவ்வளவுதான். வேணும்ங்கிறப்ப டச்பேடுக்குக் கீழே இருக்கிற பட்டனை அழுத்திக்கலாம்.

இதுல வெட்கமான விஷயம் என்னன்னா, பட்டன் இருக்கிற டச்பேட்கள்ல லிப்இன்புட் இயல்பாவே அந்த வசதியை நிறுத்தித்தான் வச்சிருக்கும். தட்டினா கிளிக்னு தெரியாத ஒருத்தருக்கு, தானா கிளிக் ஆகிறது கம்ப்யூட்டர் பழுதுன்னுதான் தோணும். தெரிஞ்சவங்க எங்க போய்ப் போடணும்னு தெரிஞ்சு போட்டுக்குவாங்கன்னு அதை உருவாக்கினவங்க காரணம் சொல்லியிருக்காங்க. புது பதிப்பைப் போட்டதும் எல்லாரும் கேட்கிறாங்களேன்னு பழக்க தோஷத்துல அதை இயக்கி வச்சது நான். அக்கா கேட்கவே இல்ல.

கூடவே ரெண்டு மூணு வேலை செஞ்சேன். டச்பேடை இயக்க, நிறுத்த கீபோர்டுலயே ஒரு குறுக்குவழி வச்சேன். மவுஸ் இல்லாமலே கோப்பைச் சேமிக்க, கட்டம் விட்டுக் கட்டம் போக, நிரலை மூட எந்த விசைன்னு சொல்லிக் கொடுத்தேன். மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன்: "மவுஸ் ஓடலன்னா முதல்ல பேட்டரி மாத்தவும். அப்பவும் ஓடலன்னா ரிசீவரைக் கழட்டவும்." நோட்டுல எழுதுறதை நிறுத்த வேண்டாம்னும் சொன்னேன். அந்த நோட்டு இல்லன்னா ரெண்டு தடவையும் உண்மை வெளிய வந்திருக்காது. அந்த அம்மாவுக்கு ஐந்நூறு ரூபாய் அடுத்த வாரக் கூலியோட சேர்ந்து வந்துச்சு. முதலாளி அவங்ககிட்ட நேரா போய், "உன் மேல தப்பில்லம்மா, பட்டியல்லதான் தப்பு"ன்னு சொல்லணும்னு அக்கா பிடிவாதமா நின்னு சொல்ல வச்சாங்க.

நீங்க செய்ய வேண்டியது

அம்புக்குறி குதிக்குதுன்னு யாராவது லேப்டாப்பைக் கொண்டு வந்தா, நான் இப்போ இந்த வரிசையிலதான் போறேன்.

முதல்ல, யார் நகர்த்துறாங்கன்னு பார்க்கிறேன். 'லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ்'னு ஒரு கமாண்ட் இருக்கு, ரூட் உரிமையோட ஓட்டணும். ஒவ்வொரு அசைவும் கிளிக்கும் எந்தக் கருவியில இருந்து வருதுன்னு வரி வரியா காட்டும். ஊகிக்க வேண்டியதே இல்ல. அதுவே 'லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ்' போட்டா ஒவ்வொரு கருவிக்கும் என்னென்ன வசதி இருக்கு, அதுல எது இயல்பாவே இயங்கும்னு தெரியும்.

அடுத்து, கருவி சரியான பேர்ல இருக்கா? மவுஸ்னு வேஷம் போட்டிருக்கா? சார்ஜரைக் கழட்டினா சரியாகுதா?

அடுத்து, ரெண்டு டிரைவர் இருக்கா? பழைய சினாப்டிக்ஸ் டிரைவரும் லிப்இன்புட்டும் சேர்ந்து நிறுவியிருந்தா, எக்ஸ்ல கடைசியாப் படிக்கப்படுற அமைப்புக் கோப்பு சொல்றதுதான் செல்லும். செட்டிங்ஸ்ல நீங்க என்ன மாத்தினாலும் எதுவும் நடக்கலன்னா இதைச் சந்தேகப்படுங்க.

இன்னொரு சின்ன விஷயம். 'எக்ஸ்இன்புட்'ல கருவியோட எண்ணை வச்சு அமைப்பை மாத்தாதீங்க, பேரை வச்சு மாத்துங்க. மவுஸைக் கழட்டிச் செருகினா எண் மாறிடலாம். அந்த மாற்றமும் லாக்-அவுட் பண்ணினா போயிடும், நிரந்தரமா வேணும்னா அமைப்புக் கோப்புல எழுதணும். வேலண்ட்ல ஓடுறவங்களுக்கு எக்ஸ்இன்புட் உதவாது, டெஸ்க்டாப்போட செட்டிங்ஸ் வழியாத்தான் போகணும்.

கடைசியா ஒரு கேள்வி. நான் இதைக் கேட்காம விட்டதாலதான் இருபது பேர் இருட்டுல உட்கார்ந்திருந்தாங்க. ஒரு கருவியை நிறுத்துறதுக்கு முன்னாடி, மிச்சம் இருக்கிற கருவியும் போயிட்டா இவங்களுக்கு என்ன வழின்னு கேளுங்க. நாம பக்கத்துல இருக்க மாட்டோம், அது சனிக்கிழமை சாயங்காலமா இருக்கும்னு வச்சுக்கிட்டே கேளுங்க.

யாராவது "லினக்ஸ் சரியில்ல"ன்னோ, "எனக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது போல"ன்னோ சொன்னா உடனே தலையாட்டிடாதீங்க. பத்து நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து அவங்க கையைப் பாருங்க. எனக்கு முதல் விடை அங்கேதான் கிடைச்சுது.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க வீட்டு லேப்டாப்ல வயர்லெஸ் மவுஸ் இருந்தா, இதைக் கேட்டு முடிச்சதும் அதை அணைச்சுட்டு டச்பேட் ஓடுதான்னு ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.